ஊமத்தம்பட்டிக் கங்காரு

திருவாதவூருக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகும் கடைசி ஊர் எங்கள் ஊமத்தம்பட்டி. ஊருக்குப் பின்னால் அய்யனார் கோயில் காடு. உசிலையும் வேம்பும் இலுப்பையும் சூரைப் புதரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, நடுப்பகலிலும் உள்ளே இருட்டாகக் கிடக்கும். இந்தக் காட்டை எங்கள் முன்னோர்கள் எப்படிப் பராமரித்தார்கள் என்று கேட்டால், பராமரிக்கவே இல்லை என்பதுதான் பதில். செருப்புப் போட்டு உள்ளே போகக் கூடாது, காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக் கூடாது என்று ஊரில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. காய்ந்த கிளை ஒடிந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டியதுதான். மீறி எடுத்து அடுப்பெரித்தால் அந்த வீட்டில் சோறு வேகாது என்பார்கள். பக்தியோ பயமோ, யாரும் கை வைக்கவில்லை. யாரும் கை வைக்காத எதுவும் நம் நாட்டில் நன்றாகத்தான் இருக்கும்.

காட்டுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அரசாங்க ஏட்டில் அது தரிசு. இத்தனை மரமும் தரிசில்தான் நிற்கிறது என்பது மரங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டு பேர் வந்து நாடா பிடித்து அளந்து, கல் ஊன்றி, அதற்கு வெள்ளை அடித்தபோதுதான் தெரிந்தது. பெரிய கிடங்கு ஒன்று கட்டப் போகிறார்களாம். என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டோம். "முதல்ல கட்டுவோம், வைக்கிறதுக்கு ஏதாவது வரும்" என்றார்கள்.

இதைக் கேட்டுச் சோறு தண்ணி இறங்காமல் போனவர் வெள்ளைத்துரை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பல் விளக்கியதும் காட்டோரம் போய் உட்கார்ந்துவிடுவார். கோயிலுக்குப் பின்னால் புற்றடியில் நரிக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. தாய் நரி அவரைக் கண்டால் ஓடாது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்க்கும்.

"இம்புட்டு வருஷமா பஸ்ஸுல ஏறுன சனம் ஒருத்தராச்சும் என் மூஞ்சியப் பாத்திருப்பாங்களா மாப்ள? சில்லறையத்தான் பாப்பாங்க. இது நின்னு பாக்குது" என்பார். கிடங்கு வந்தால் அந்த நரி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும் என்பது அவருடைய கவலை. எங்கள் கவலை வேறு. கிடங்கு ஒப்பந்தம் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கிடைத்திருந்தது.

விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. ஊர்மக்கள் தாமாக முன்வந்து குழு அமைத்து, காட்டைப் பேணி, 'கிராம வன உயிர்ப் புகலிடம்' என்று அங்கீகாரம் வாங்கிவிட்டால் அப்புறம் யாரும் தொட முடியாது. அங்கீகாரம் கொடுப்பதற்கென்றே மதுரையில் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு திறந்த நாள் முதல் யாருக்கும் எதையும் அங்கீகரித்ததில்லை என்பதால், எங்களைப் பார்த்ததும் அவர்களுக்கும் சந்தோஷம்.

குழு அமைந்தது. தலைவர் வெள்ளைத்துரை. செயலாளர், வார்டு உறுப்பினர் மாயக்காள். விளம்பரப் பொறுப்பு, மதுரை மாட்டுத்தாவணியில் செல்போன் கடை வைத்திருக்கும் ராம்கி. எல்லோருக்கும் பச்சை பனியன் உண்டு என்று அறிவித்ததும் ஊரில் தன்னார்வம் பொங்கி வழிந்தது. காட்டைப் பேண வேண்டும் என்பது விதி. ஆகவே ஞாயிறுதோறும் உள்ளே போய்ச் சருகு கூட்டினோம். கூட்டியதை வெளியே கொண்டுவரக் கூடாது என்பதால் வடக்கே கூட்டியதைத் தெற்கே கொட்டினோம். அடுத்த ஞாயிறு தெற்கே கூட்டி வடக்கே கொட்டினோம். காட்டுக்கு இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் வரவில்லை.

பிறகு திறப்பு விழா. மதுரைச் சீமையில் பிளக்ஸ் போர்டு இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்தினால்கூட அந்தக் காது குத்தினதாகக் கணக்கில்லை. எனவே குழுவின் மூன்று பொறுப்பாளர்களும் மாட்டுத்தாவணிப் பக்கம் முகமது ஆசிப்பின் கடைக்குப் போனார்கள். உறுப்பினர் அத்தனை பேருடைய போட்டோவும் ராம்கியின் செல்போனில் தயாராக இருந்தது.

"மேல பெருசா நரி படம் போடணும் பாய்" என்றார் வெள்ளைத்துரை.

ஆசிப் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கீழ வரிசையா உங்க எல்லாரு மூஞ்சியும் வருது. மேல நரி. ரோட்டுல போறவன் என்ன நெனைப்பான்?"

மாயக்காள் பதறிப்போனார். "ஆத்தாடி, நரிக்குப் பக்கத்துல என் மூஞ்சியா? வார எலெக்சன்ல இதையே படம் பிடிச்சுக் காட்டி என்னத் தோக்கடிச்சுருவாய்ங்க!"

"அப்ப மயிலு?"

"மயிலு பூராம் வயக்காட்ட மேயுது மாமா. அதப் போட்டா விவசாயிங்களே போர்டக் கிழிப்பாய்ங்க" என்றான் ராம்கி.

"சிங்கம்?"

"சிங்கம் கல்யாண மாப்பிள்ளைக்குண்ணே. புலி பொறந்த நாளுக்கு. அதையெல்லாம் இதுக்குப் போட்டா நல்லா இருக்காது" என்ற ஆசிப் கொஞ்ச நேரம் தேடி ஒரு படத்தைத் திரையில் நிறுத்தினார். "இதப் பாருங்க. கங்காரு. நிமிந்து நிக்குது. ரெண்டு கையையும் நெஞ்சுகிட்ட வெச்சிருக்கு. வாங்க வாங்கன்னு கும்புடுற மாதிரியே இல்ல?"

மூவரும் பார்த்தார்கள். கும்பிடுகிற மாதிரியேதான் இருந்தது. வரவேற்புப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி உலகத்தில் இல்லை என்று தீர்மானமாயிற்று. வயிற்றுப் பையில் குட்டி வேறு எட்டிப் பார்த்தது. பார்ப்பவர்களுக்கு ஒரு குடும்பப் பாங்கு தெரியும் என்று மாயக்காள் அபிப்பிராயப்பட்டார்.

போர்டு காட்டு வாசலில் ஏறியது. நான்காம் நாள் அங்கீகாரப் பிரிவின் ஆய்வு அலுவலர் அழகுபாண்டி வந்து இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. காட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று சொன்னோம். அவர் போட்டிருந்தது கணுக்கால்வரை கயிறு கட்டிய பூட்ஸ். குனிந்து பார்த்தார். அதை அவிழ்த்து மாட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும் என்று தெரிந்தது. ஆகவே ஆய்வை வாசலில் நின்றபடியே மேற்கொண்டார்.

"என்னென்ன மிருகம் இருக்கு?"

"நரி இருக்குங்கய்யா. இப்பத்தான் குட்டி போட்டிருக்கு. மரநாய் இருக்கு, கீரி இருக்கு, முள்ளெலி..."

"போட்டோ?"

"கிட்டப் போனா ஓடிருங்கய்யா. காட்டு மிருகம்ல."

"அப்ப இல்லைன்னுதான் அர்த்தம்" என்ற அழகுபாண்டி நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். "அது என்ன?"

"அது கங்காருங்கய்யா. சும்மா வரவேற்புக்கு..."

"போட்டோ இருக்கே!"

"போட்டோ இருக்குங்கய்யா. ஆனா கங்காரு வந்து..."

"பெரியவரே, ஆதாரம் உள்ளத எழுதுவேன். ஆதாரம் இல்லாதத எழுத மாட்டேன். சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒரு பொய் எழுதுனது கிடையாது" என்று சொல்லிவிட்டு, 'கங்காரு, குட்டியுடன்' என்று எழுதிக் கீழே அழுத்தமாகக் கோடு போட்டார்.

வெள்ளைத்துரை வாயைத் திறந்தார். ராம்கி அவர் பனியனைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "மாமா, சும்மா இருங்க. முதல்ல சர்ட்டிபிகேட் வரட்டும். கங்காருவ அப்புறமா அழிச்சுக்கலாம்."

சர்ட்டிபிகேட் வந்தது. நரிக்கும் கீரிக்குமாக இருந்திருந்தால் எத்தனை நடை நடந்திருப்போமோ, கங்காரு என்றதும் பறந்து வந்தது. கிடங்குக்காக ஊன்றிய கல்லை அவர்களே வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் வெள்ளைத்துரை காட்டோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நரி வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். கங்காருவின் உடல்நலம் குறித்து மாதந்தோறும் அறிக்கை அனுப்பக் கோரியிருந்தார்கள். வெள்ளைத்துரைக்குப் பயம் பிடித்துவிட்டது. மதுரைக்கு பஸ் ஏறி அழகுபாண்டியிடமே போனார்.

"ஐயா, அந்தக் கங்காருவ எடுத்துருங்க."

"செத்துருச்சா?"

"இல்லங்கய்யா."

"செத்திருந்தா பிரேதப் பரிசோதனை சர்ட்டிபிகேட் வேணும். காணாமப் போயிருந்தா போலீஸ்ல புகார் குடுத்த ரசீது வேணும். வேற காட்டுக்கு மாறிப் போயிருந்தா அந்தக் காட்டுலேருந்து வந்து சேர்ந்ததா ஒரு கடுதாசி வேணும். இதுல எது?"

"இருந்ததே இல்லங்கய்யா."

அழகுபாண்டி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அப்படி ஒரு வகை இல்ல பெரியவரே."

வேறு வழியில்லாமல் வெள்ளைத்துரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எழுதுகிற ஏட்டு நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, கடைசியாக யார் எப்போது பார்த்தது, என்ன நிறம், யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று ஒழுங்காகக் கேட்டார். கடைசியாகப் பார்த்தது பிளக்ஸ் போர்டில் என்றதும் பேனாவை மூடிவிட்டார். "போர்டு இருக்கா?" "இருக்குங்கய்யா." "போர்டுல கங்காரு இருக்கா?" "இருக்குங்கய்யா." "அப்ப எதுய்யா காணாமப் போச்சு?" வெள்ளைத்துரை எழுந்து வந்துவிட்டார்.

அவர் ஊர் திரும்பியபோது நிலைமை கை மீறிவிட்டிருந்தது. கால்வாய்ப் பக்கம் துணி துவைக்கப் போன மாயக்காள் கங்காருவைப் பார்த்துவிட்டார்.

"தெளிவாப் பாத்தேண்ணே. இந்தா இம்புட்டு உசரம். ஒரே தாவு, சூரைக்குள்ள போயிருச்சு."

"ஏம் மாயக்கா, அது நம்ம ஆசிப் கடையில எடுத்த படம். நீயுந்தானே கூட வந்த?"

"படம் கடையில எடுத்தது. நான் பாத்தது கால்வாய்ல" என்றார் மாயக்காள்.

அதன்பிறகு பார்க்காதவர்களுக்கு ஊரில் மதிப்பில்லை. டீக்கடையில் ஒருவர் வாலைப் பார்த்ததாகச் சொன்னால் அடுத்தவர் காதைப் பார்த்திருந்தார். மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் வர ஆரம்பித்தது. காட்டில் மூச்சு விட்டுப் பழகுவது என்று ஒரு புது நாகரிகம் நகரத்தில் கிளம்பியிருந்தது. அவர்கள் பாய் விரித்து, கண்ணை மூடி மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து செல்பி எடுத்தார்கள். பருத்திப்பால் வண்டிக்காரர் 'கங்காரு பருத்திப்பால்' என்று எழுதி ஒட்டியதும் வியாபாரம் தூள் பறந்தது. சரக்கென்று எது அசைந்தாலும் கூட்டம் முழுக்க "அந்தா!" என்று கத்தும். பார்க்காமல் திரும்பிய கார் ஒன்றுகூட இல்லை. இத்தனை சத்தத்திலும் நரிகள் எப்படியோ ஒடுங்கிக் கிடந்தன.

இந்த நேரத்தில்தான் வன உயிர் வாழ்விட ஆலோசகர் டாக்டர் சத்யப்ரியா வருகை தந்தார். பாக்கெட்டுகளால் மட்டுமே தைத்த சட்டை, தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. கங்காருவை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. உலகத்தில் கங்காருவைப் பற்றி வந்த எல்லாவற்றையும் படித்திருந்தார். கோயில் முன்னால் கூட்டம் போட்டு, அழகுபாண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் முடிவை அறிவித்தார்.

"கங்காரு திறந்த புல்வெளியில வாழுற பிராணி. இவ்வளவு அடர்த்தியா மரம் இருந்தா தாவ இடம் இருக்காது. அதுக்குக் கடுமையான மன அழுத்தம் வரும். அது வெளியவே வராம இருக்கறதுக்குக் காரணம் இந்த மரங்கள்தான். உடனடியா அகற்றணும்."

அம்மாவின் அறிவைக் கண்டு சபை மெய்மறந்தது. வெள்ளைத்துரை எழுந்தார்.

"அம்மா, கும்புட்டுக் கேட்டுக்கறேன். இங்க கங்காரு கெடையாது. அது போர்டுல போட்ட படம். இங்க இருக்கறது நரி. குட்டிக இன்னும் ஓடப் பழகல. இல்லாத ஒண்ணுக்காக இருக்கறத வெட்டாதீங்கம்மா."

டாக்டர் சத்யப்ரியா அழகுபாண்டியைத் திரும்பிப் பார்த்தார். அழகுபாண்டி எழுந்து நின்றார்.

"பெரியவர் சொல்றது உண்மைன்னா, அங்கீகாரம் தப்பு. அங்கீகாரம் தப்புன்னா மறுபடி தரிசு. தரிசுன்னா நாளைக்கே கல் ஊன்ற ஆள் வரும். அதனால நான் ஊர்மக்களையே கேட்டுக்கறேன். கங்காருவப் பார்த்தவங்க கை தூக்குங்க."

மாயக்காள் முதலில் தூக்கினார். பருத்திப்பால்காரர் இரண்டு கையையும் தூக்கினார். கார் நிறுத்த இடம் விட்டவர், இளநீர் வெட்டுகிறவர், பனியன் வாங்கியவர், வாங்காதவர், எல்லோரும் தூக்கினோம். ராம்கி தலையைக் குனிந்துகொண்டு தூக்கினான். தூக்கிய கைகளுக்கு நடுவே வெள்ளைத்துரை ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு உறுப்பினர் நீங்கலாக அனைவரும் கங்காருவைக் கண்டுள்ளனர் என்று அழகுபாண்டி பதிவு செய்தார்.

மரம் அறுக்கும் இயந்திரம் வந்தது. முக்கால் காடு சாய்ந்தது. வடக்கு மூலையில் ஒரு தோப்பளவுக்கு மட்டும், கங்காருவுக்கு நிழல் வேண்டும் என்று விட்டு வைத்தார்கள். அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்த இலுப்பை ஒன்று விழுந்தபோது வெள்ளைத்துரை அங்கே இல்லை. வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

அறுத்த மரத்தை ஏற்ற லாரி வந்தபோதுதான் ஊர் கொதித்து எழுந்தது. "காட்டுலேருந்து ஒரு சுள்ளி வெளிய போகக் கூடாது! அய்யனார் சும்மா விடமாட்டாரு!" என்று மாயக்காள் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தார். பெண்கள் எல்லோரும் வரிசையாகப் படுத்தார்கள். எங்கள் பக்தியைக் கண்டு லாரி திரும்பிப் போனது. அப்படி ஒரு வெற்றியை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. மரங்களைக் காட்டுக்குள்ளேயே அடுக்கினோம். ஆனால் மழை வந்தால் என்ன ஆகும்? மேலே கூரை வேண்டும், சுற்றிச் சுவர் வேண்டும், கீழே சிமென்ட் தரை வேண்டும். அலுவலகத்தில் ஏற்கனவே போட்ட கிடங்கு வரைபடம் ஒன்று சும்மா கிடந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். பழைய ஒப்பந்தக்காரரே, அதாவது பக்கத்து ஊர்க்காரரே, கட்டிக் கொடுத்தார். புற்று இருந்த இடத்தில் அஸ்திவாரம் வந்தது.

திறந்த வெளியில் புல் முளைக்கவில்லை. மதுரையில் சித்திரை மாதத்தில் என்ன முளைக்கும்? கல்யாண மண்டபங்களில் விரிக்கிற பச்சை நிற செயற்கைப் புல்லை விரித்தோம். போட்டோவில் நன்றாக விழுந்தது.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை. கார்கள் நிறைய. அழகுபாண்டியும் குடும்பத்தோடு பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார். வடக்கு மூலைத் தோப்பிலிருந்து தாய் நரி வெளியே வந்தது. பின்னால் ஒரே ஒரு குட்டி. பழைய புற்று இருந்த திசையைப் பார்த்துப் பச்சை விரிப்பின்மேல் காலை வைத்து, நின்றுவிட்டது.

"நரி! நரி! கங்காருக் குட்டியத் தூக்க வந்திருக்கு!" என்று ஒரு பெண் அலறினாள்.

அவ்வளவுதான். கல்லுக்குப் பஞ்சமா? மரத்தை வெட்டிய தரை முழுக்கக் கல்தான். மதுரைக்காரர்கள் எறிந்தார்கள், ஊர்க்காரர்கள் எறிந்தோம், பச்சை பனியன் போட்டவர்கள் முன்னால் நின்று எறிந்தோம். வெள்ளைத்துரை எங்கிருந்தோ ஓடி வந்து நரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "எறியாதீங்கடா! பாவிகளா, எறியாதீங்கடா!" ஒரு கல் அவர் தோளில் பட்டது. நரி அவரை ஒரு கணம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெட்டவெளியில், காட்டுக்கு அப்பால் போகும் நான்குவழிச் சாலைப் பக்கமாக ஓடியது. அங்கே லாரிகள் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் சொல்லக்கூட ஆள் இல்லை.

அழகுபாண்டி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைத்துரையிடம் வந்தார். "நடந்ததுக்கு இப்பவே ஒரு அறிக்கை வேணும் பெரியவரே. தலைவர்தான் எழுதணும். எழுதலேன்னா, புதர் இருக்கப் போய்த்தான் நரி ஒளியுதுன்னு அந்த மிச்சத் தோப்பையும் எடுத்துருவாங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

வெள்ளைத்துரை வடக்கு மூலையைப் பார்த்தார். மரநாயும் கீரியும் முள்ளெலியும் இனி அங்கேதான் இருக்க முடியும். பேனாவை வாங்கினார். ரத்தம் கசிந்த தோளோடு, கண்டக்டர்களுக்கே உரிய அந்தக் குட்டிக் குட்டி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அழகுபாண்டி கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

'இன்று பகல் புகலிடத்துக்குள் அத்துமீறி நுழைந்த நரி ஒன்று, பொதுமக்களின் ஒத்துழைப்புடன் விரட்டப்பட்டது. கங்காரு நலம்.'